முக்காற்புள்ளி

மூன்று இரவு அனுப்பியிருக்கிறேன்.
மூன்று இரவும் அது போகவில்லை.

கோப்பின் பெயர், ஓர் இடைவெளி, ஹட்டன்.
எண்டர்.
கறுப்புத் திரை ஒன்றும் சொல்லவில்லை.
திட்டாததால் சரியென்று நினைத்து
ஃபிளாஸ்கைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு
வீட்டுக்குப் போனேன்.

சம்பளத்துக்கு முதல்நாள் பின்னேரம்
ஹட்டன் ஆபீசிலிருந்து தில்ருக்ஷி பேசினாள்,
அவளுடைய தமிழில், பதறாமல்:
"மிஸ், திங்கக்கிழமைக்குப் பிறகு
உங்கட தோட்டத்தில ஒருத்தரும் வேலை செய்யலியா?"

இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.
மூன்று நாளும் மழை.
அட்டைக் கடிக்குச் சுண்ணாம்பு தடவி
மேப்பிரிவு ஆறாம் நம்பர் மலை முழுக்க எடுத்து முடித்திருந்தார்கள்.

தேடினேன்.
எதுவும் இந்த மேசையை விட்டு இறங்கியிருக்கவில்லை.
அதே கணினியில், அதே அடைவில்,
'ஹட்டன்' என்று தனக்குப் பேர் வைத்துக்கொண்டு
ஒரு கோப்பு உட்கார்ந்திருந்தது.
திங்களின் மேல் செவ்வாய் ஏறி,
செவ்வாயின் மேல் புதன் ஏறி,
புதன் மட்டும் மிச்சம்.

ஊரின் பெயருக்குப் பின்னால்
முக்காற்புள்ளி போட மறந்திருக்கிறேன்.
இரண்டு பொட்டு. அவ்வளவுதான்.
அது இருந்தால் ஹட்டன் ஓர் இடம்.
இல்லாவிட்டால் வெறும் பெயர்,
எதற்கும் வைக்கலாம்.
(எங்கள் பெரிய கிளாக்கர்
கொழும்பிலேயே பிறந்த மாதிரிப் பேசுவார்.
நாவலப்பிட்டியைத் தாண்டியதில்லை.)

நல்லகாலம், நகல்தான் கெட்டது.
மூலம் மூன்று நாளும் தனித்தனியாக இருந்தது.

மறுபடி அடித்தேன், பொட்டு இரண்டையும்
விரலால் தொட்டுப் பார்த்து.
கடவுச்சொல்லுக்கு ஒரு நட்சத்திரம்கூட விழாது,
இருட்டில் சாவி போடுவதுபோல.
நிறுவைச் சீட்டுகளின் படங்களும் சேர்ந்ததால்
கோப்பு கனம்.
பன்னிரண்டு வீதம். முப்பது. நாற்பத்தேழு.

எதிர்மலை டவரைப் பனி மூடியது.
நாற்பத்தேழு.
நாற்பத்தேழு.
பிறகு ஆங்கிலத்தில் ஒரு வரி:
குழாய் உடைந்துவிட்டதாம்.
லயத்துக் குழாயைத்தான் சொல்கிறதோ என்று
ஒரு நொடி நினைத்தேன்.
அது உடைந்து ஒரு மாதம், யாரும் எழுதிக் காட்டவில்லை.

ஹட்டனில் இப்போது பாதித் தோட்டம்.
கீழ்ப்பிரிவு போய்விட்டது,
மேப்பிரிவு காற்றில்.

பதினெட்டுக் கிலோவுக்கு ஒரு பேர்.
குறைந்தால் அரைப் பேர்.
முக்காலுக்கு எங்கள் செக்ரோலில் கட்டமே இல்லை.

பதினொரு மணிக்கு வேறு கட்டளை எடுத்தேன்.
ஆர்சிங்க். இதற்கு விட்ட இடம் தெரியும்.
அங்கே என்ன இருக்கிறது என்று கேட்கும்,
இங்கே இருப்பதோடு ஒத்துப் பார்க்கும்,
இல்லாததை மட்டும் தூக்கிப்போகும்.
ஈரத்துக்கென்று இரண்டு கிலோ கழிக்காது.
சாக்குக்கென்று ஒன்று கழிக்காது.
இப்படி ஒரு தராசை
நான் ஸ்டோர் வாசலில் பார்த்ததில்லை.

பனி விலகினால் ஐந்து வீதம்,
மூடினால் நின்று,
விலகினால் மறுபடி.
நாலரை மணிக்கு நூறு.
தில்ருக்ஷி தூக்கக் குரலில்
சரிபார்ப்பு எண்ணின் கடைசி ஆறு எழுத்தைச் சொன்னாள்.
என்னிடமும் அதே ஆறு.

பிரட்டுக்களத்தில் தகரம் தட்டும் சத்தம் கேட்டது.
பொய் ஹட்டனை அழிப்பதற்கு முன்
ஒரு தடவை திறந்தேன், சும்மாதான்.
புதன்கிழமை. மேப்பிரிவு.
அஞ்சுகம், பதினேழு கிலோ எழுநூறு கிராம்.
பக்கத்துக் கட்டத்தில் அரை.
என் கையால் போட்டது.

கோப்பை அழித்தேன்.
அங்கே அது போய்ச் சேர்ந்திருந்தது,
ஒரு பைட்டும் குறையாமல்.